நகம் பதியாத தடம்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கிடையாது.

முன்பு ஒருவர் இருந்தார். அவர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடி, மீன் பிடிப்பது எப்படி என்ற பாடத்தை மட்டும் வருடம் முழுக்க நடத்துவார். முயல்குட்டியும் அதைத்தான் படித்தது, மான்குட்டியும் அதைத்தான் படித்தது. ஏரி வற்றியதும் கொக்கு சொல்லாமல் கொள்ளாமல் பறந்து போய்விட்டார்.

அதன் பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கரடியத்தை வந்தாள். அவளுக்குத் தேனடையைப் பற்றித் தெரியும். மற்றபடி பெரிதாக ஒன்றும் தெரியாது. அதை அவள் மறைக்கவில்லை.

"எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசையோ அதை நீங்களே சொல்லுங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள்.

அன்று முதல் பிள்ளைகள் காலையில் நாவல் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒன்றைக் கற்று முடித்தவர் எழுந்து நின்று, "இது எனக்குத் தெரியும்" என்று சொல்வார். யாரும் பரீட்சை வைக்க மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னவரிடம் யார் வந்து கேட்டாலும் அவர் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

அங்கே குங்கிலி என்று ஒரு மலையணில் படித்தாள். செம்பழுப்பு முதுகும், உடம்பைவிட நீளமான வாலுமாகப் பார்க்க அழகாக இருப்பாள். கெட்டிக்காரியும்கூட. எந்தப் பழம் என்றைக்குப் பழுக்கும், எந்தக் காற்று மழையைக் கொண்டுவரும், எந்தப் பறவை எப்படிக் கூவும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு முறையாவது வட்டத்துக்கு மேலே இருந்த தன் கிளையில் எழுந்து, "இது எனக்குத் தெரியும்" என்பாள். அப்போது எல்லோரும் அண்ணாந்து அவளைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பது அவளுக்கு மிகவும் பிடிக்கும்.

மழைக்காலம் முடிந்தது. மடுவின் கரையில் சேறு இறுகத் தொடங்கியது. முந்தின நாள் யார் யார் தண்ணீர் குடிக்க வந்தார்கள் என்பது காலையில் அந்தச் சேற்றில் அப்படியே பதிந்திருக்கும். அதை முதலில் கவனித்தவன் கூரன் என்ற முள்ளம்பன்றி.

கூரன் அதிகம் பேசமாட்டான். பத்து நாள் மடுவின் கரையிலேயே குந்தியிருந்து, ஒவ்வொரு தடமாக முகர்ந்தும் அளந்தும் பார்த்தான். பதினோராம் நாள் வட்டத்தில் எழுந்து, "காலடித்தடம் படிக்க எனக்குத் தெரியும்" என்று மெல்லச் சொன்னான்.

அவ்வளவுதான், பள்ளிக்கூடம் முழுவதும் அவன் பின்னால் போய்விட்டது. பழத்தின் வாசனையைப் பற்றிக் குங்கிலியிடம் கேட்க ஆள் இல்லை. மழையைப் பற்றிக் கேட்கவும் ஆள் இல்லை. எல்லாக் குட்டிகளும் சேற்றில் தலையைக் குனிந்துகொண்டு, "கூரா, இது யாருடையது? இது எப்போது வந்தது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குங்கிலிக்கு மனம் பொறுக்கவில்லை. தானும் கற்றுக்கொள்ளலாம் என்று மடுவின் மேலே சாய்ந்திருந்த கிளையில் போய் உட்கார்ந்தாள். கீழே இறங்கவில்லை. இறங்கினால் வாலில் சேறு ஒட்டும். கிளையிலிருந்து பார்த்தால் தடங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. கூரன் சொல்வதும் பாதிதான் காதில் விழுந்தது. இரண்டு நாள் அப்படி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் வட்டத்தில் எழுந்தாள்.

"காலடித்தடம் எனக்கும் தெரியும்" என்றாள்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரனும் பார்த்தான்.

"நல்லது. நான் ஒருவனே எத்தனை பேருக்குத்தான் சொல்லிக் கொடுப்பது?" என்றான். அவன் மனதில் வேறு எதுவும் இல்லை.

மறுநாள் பகலில் குங்கிலியின் மரத்தடிக்குப் பொடிச்சி வந்தாள்.

பொடிச்சி ஒரு சருகுமான் குட்டி. முயலைவிடச் சிறிய உருவம், குச்சி போன்ற கால்கள். பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் சின்னவள். வட்டத்தில் எப்போதும் கடைசியில் உட்காருவாள். எதையும் "தெரியும்" என்று அவள் ஒரு நாளும் எழுந்து சொன்னதில்லை.

"அக்கா, கூரன் அண்ணனிடம் ஒரே கூட்டம். என்னால் முண்டியடித்துப் போக முடியவில்லை. போனாலும் முள் குத்துகிறது. தடம் படிக்க எனக்கு நீ சொல்லித் தருவாயா?" என்று கேட்டாள்.

அப்போதே குங்கிலி உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பாதிதான் தெரியும், வா, இருவரும் கூரனிடம் போய்க் கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைகள் அவள் நாக்கு வரைக்கும் வந்தன. ஆனால் கீழே இரண்டு பெரிய கண்கள் அவளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. எல்லோரும் கூரன் பின்னால் போன பிறகு, பாடம் கேட்டு வந்து அவளை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

"என்ன தெரிய வேண்டும் உனக்கு?" என்றாள் குங்கிலி.

"தண்ணீர் குடிக்கப் போனால் எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தத் தடம் இருந்தால் ஓட வேண்டும், எந்தத் தடம் இருந்தால் ஓட வேண்டாம் என்று தெரிந்தால் போதும்."

குங்கிலி வாலைச் சுருட்டி முன்னால் போட்டுக்கொண்டு யோசித்தாள். நகம் என்று கூரன் ஏதோ சொன்னது நினைவுக்கு வந்தது. நகத்தைப் பற்றி என்ன சொன்னான் என்பது நினைவுக்கு வரவில்லை. மீதியை அவளே இட்டு நிரப்பினாள்.

"சுலபம்தான். தடத்தின் நுனியில் நகம் பதிந்திருக்கிறதா என்று பார். பதிந்திருந்தால் ஓடிவிடு. நகம் பதியாவிட்டால் நிம்மதியாகத் தண்ணீர் குடி."

"ஏன் அக்கா?"

"நகம் இல்லாதவன் எதை வைத்து உன்னைப் பிடிப்பான்?"

பொடிச்சியின் முகம் மலர்ந்தது. "எனக்கே புரிகிறதே" என்றாள். பிறகு அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "நகம் இருந்தால் ஓடு, இல்லாவிட்டால் குடி. நகம் இருந்தால் ஓடு, இல்லாவிட்டால் குடி." சொல்லிக்கொண்டே சருகுகளுக்குள் துள்ளிப் போனாள்.

சொன்னது நன்றாகத்தான் இருந்தது என்று குங்கிலிக்கே தோன்றியது.

அடுத்த நாள் அவள் கிளையில் உட்கார்ந்திருந்தபோது, கீழே கூரன் ஒரு முயல்குட்டிக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். அன்று கூட்டம் குறைவு. அவன் பேசியது முழுவதும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"இதோ, நகம் பதிந்திருக்கிறது. இது நரி. செந்நாய்க்கும் கீரிக்கும்கூட நகம் பதியும். ஆனால் சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாய்கிற நேரத்தில்தான் வெளியே நீட்டும். அதனால் பெரிய வட்டத் தடமாக இருந்து, நகமும் பதியவில்லை என்றால், அந்த இடத்தில் ஒரு நொடிகூட நிற்காதே."

குங்கிலிக்குக் கிளை வழுக்குவது போல் இருந்தது. நேற்று அவள் சொன்னதற்கு இது நேர் எதிர்.

உடனே பொடிச்சியைத் தேடிப் போனாள். அவள் ஒரு பாறைக்குப் பின்னால் தனியாக இருந்தாள். ஈர மண்ணில் தன் குளம்பால் தடங்களை வரைந்து, நகம் வைத்ததை ஒரு பக்கமும் வைக்காததை ஒரு பக்கமும் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பொடிச்சி" என்று கூப்பிட்டாள் குங்கிலி.

"அக்கா, நானே உன்னிடம் வர இருந்தேன். நான் இதுவரைக்கும் வட்டத்தில் எழுந்து நின்றதே இல்லை. நாளைக்கு எழுந்து நிற்கப் போகிறேன். தடம் எனக்குத் தெரியும் என்று சொல்லப் போகிறேன். அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை."

குங்கிலி வாயைத் திறந்தாள். நான் சொன்னது தப்பு. நான்கு சொற்கள்கூட இல்லை. ஆனால் அதைச் சொன்னால் இந்தக் குட்டி, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். கூரன் சொன்னான் என்று சொல்ல வேண்டும். அப்படியானால் உனக்கு முன்பே தெரியாதா என்று கேட்பாள்.

"என்ன அக்கா?"

"ஒன்றுமில்லை. நாளைக் காலையில் வட்டத்துக்கு வருவதற்கு முன்னால் என்னைப் பார். இன்னொரு பாடம் பாக்கி இருக்கிறது" என்றாள் குங்கிலி.

நாளை அதை ஒரு புதிய பாடம் போலச் சொல்லி, பழையதை மெல்ல மாற்றிவிடலாம் என்று அவள் நினைத்தாள். அப்போது தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

மறுநாள் விடிந்ததும் குங்கிலி மடுவின் பக்கம் வந்தாள். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. கிளையின் நுனிக்கு வந்தபோது கீழே பொடிச்சி நிற்பது தெரிந்தது. அவளுடைய அம்மா இருபது அடி பின்னால் புதர் ஓரத்தில் நின்றுகொண்டு, மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தாள்.

"வேண்டாம் பொடிச்சி, இங்கே ஏதோ வாடை அடிக்கிறது" என்றாள் அம்மா.

"இரு அம்மா. நான் பார்த்துச் சொல்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியும்."

பொடிச்சி சேற்றில் தலையைக் குனிந்தாள். அவளுக்கு முன்னால் பெரிய வட்டத் தடங்கள் வரிசையாக இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. என்ன சொல்லிக்கொள்கிறாள் என்பது குங்கிலிக்குத் தெரியும்.

"நகம் பதியவில்லை அம்மா. நீயும் வரலாம்" என்று சொல்லிவிட்டுப் பொடிச்சி தண்ணீரில் வாயை வைத்தாள்.

கோரைப் புல்லுக்குப் பின்னால் மஞ்சளும் கறுப்புமாக ஏதோ ஒன்று தாழ்ந்ததைக் குங்கிலி மேலிருந்து கண்டாள்.

தன் பலம் முழுவதையும் சேர்த்துக் கத்தினாள். மலையணில் கத்தினால் அடுத்த குன்று வரைக்கும் கேட்கும். பொடிச்சி திடுக்கிட்டுத் துள்ளினாள். அதே நொடியில் சிறுத்தை பாய்ந்தது. கழுத்தைக் குறிவைத்த அடி பின்னங்காலில் விழுந்தது. பொடிச்சி உருண்டாள், எழுந்தாள், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பொந்துக்குள் புகுந்துகொண்டாள். சிறுத்தை பொந்துக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தது. கைக்கு எட்டவில்லை. அதற்குள் காடு முழுவதும் குரங்குகளும் பறவைகளும் கத்தத் தொடங்கிவிட்டன. சிறுத்தை சலிப்போடு திரும்பிப் போய்விட்டது.

அன்று பள்ளிக்கூடம் நடக்கவில்லை. வட்டத்தில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் பெரியவர்கள் வந்து நின்றார்கள்.

பொடிச்சியின் அம்மா நேராகக் குங்கிலியின் மரத்தடிக்கு வந்தாள். அவள் முன்னங்கால்களில் மகளின் ரத்தம் காய்ந்திருந்தது.

"நீ கத்தியிராவிட்டால் என் பிள்ளை இன்று இல்லை, தாயே. இந்த உதவியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்" என்று சொல்லித் தலை குனிந்தாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் குங்கிலியை அண்ணாந்து பார்த்தார்கள். "கெட்டிக்காரப் பெண்" என்று யாரோ சொன்னார்கள். குங்கிலி முகத்தை வாலில் மறைத்துக்கொண்டாள். அடக்கமான பெண்ணும்கூட என்று அதற்கும் பாராட்டினார்கள்.

காட்டுப்பன்றிக்குக் கோபம் அடங்கவில்லை. அவருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறு குட்டிகள் படித்தார்கள்.

"பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னால் இப்படித்தான் ஆகும். நகம் பதியாவிட்டால் பயமில்லை என்று அந்தக் குட்டிக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் அது?"

"கேட்டுப் பார்த்துவிட்டேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நான்தான் தப்பாகப் படித்தேன், நான்தான் தப்பாகப் படித்தேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்" என்றாள் பொடிச்சியின் அம்மா.

"இதில் கேட்க என்ன இருக்கிறது? தடம் படிக்கிறேன் என்று இந்த வேலையை ஆரம்பித்தவன் யார்? கூரா, முன்னால் வா" என்றார் காட்டுப்பன்றி.

கூரன் முன்னால் வந்தான். முட்கள் எல்லாம் படிந்து கிடந்தன.

"அந்தக் குட்டிக்கு நீதானே சொல்லிக் கொடுத்தாய்?"

கூரன் ஒரு முறை மேலே, குங்கிலி இருந்த கிளையைப் பார்த்தான். வட்டத்தில் அவள் எழுந்து நின்றது அவனுக்கு நினைவில்லாமல் இருக்காது. ஆனால் அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். கண்ணால் காணாததை வைத்து யாரையும் குற்றம் சொல்வது அவன் வழக்கம் இல்லை.

"தனியாக அவளுக்குச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் தினமும் கூட்டம் இருக்கும். கடைசியில் நின்று பாதியைக் கேட்டிருப்பாளோ என்னவோ. சின்னவள் வந்தாளா, காதில் சரியாக விழுந்ததா என்று நான் பார்த்திருக்க வேண்டும். அது என் தப்புதான்" என்றான்.

"கேட்டீர்களா? அவனே ஒப்புக்கொண்டான். இனி இவன் மடுவின் பக்கம் வரக்கூடாது. நாளையோடு இந்தப் பள்ளிக்கூடத்தையும் மூடிவிடுவோம். என் பிள்ளைகளுக்கு நானே வீட்டில் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன்" என்றார் காட்டுப்பன்றி.

கரடியத்தை தன் பெரிய கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கூரன் திரும்பி நடந்தான். யாரும் அவனுக்கு வழிவிடவில்லை. சுற்றிக்கொண்டு போனான்.

குங்கிலி அதை எல்லாம் பார்த்துக்கொண்டு கிளையில் இருந்தாள். இறங்க வேண்டும் என்று மனம் சொன்னது, கால்கள் அசையவில்லை. பொடிச்சியின் அம்மா போகும்போது மரத்தடியில் நான்கு அத்திப்பழங்களை வைத்துவிட்டுப் போனாள். குங்கிலி அவற்றைத் தொடவில்லை. எறும்புகள் வந்து மொய்த்தன.

மறுநாள் காலை அவள் பொடிச்சியைப் பார்க்கப் போனாள். பார்க்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் போனாள். அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பொந்துக்குள் பொடிச்சி சருகு மெத்தையில் படுத்திருந்தாள். பின்னங்காலில் பச்சிலை வைத்துக் கட்டியிருந்தது. அவளுடைய அம்மா தழை கொண்டுவரப் போயிருந்தாள்.

"அக்கா, கிட்டே வா. அம்மா வருவதற்குள் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றாள் பொடிச்சி.

குங்கிலி கிட்டே போனாள்.

"உன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருப்பாய். நான்தான் மாற்றிப் பிடித்துக்கொண்டேன். நகம் இல்லாவிட்டால்தான் ஓட வேண்டும் போலிருக்கிறது. எனக்கு எப்போதுமே எல்லாம் மாறிப்போகும். உன்னைப் போன்ற ஒருவரிடம் படித்தும் இந்த லட்சணம் என்று தெரிந்தால், உனக்குத்தான் வெட்கக்கேடு. அதனால்தான் சொல்லவில்லை."

காலில் பட்ட அடியைவிடப் பெரிய அடி ஒன்று அந்தக் குட்டிக்குப் பட்டிருக்கிறது. அதை அடித்தது சிறுத்தை இல்லை.

"இனிமேல் நான் எதையும் படிக்கப் போவதில்லை அக்கா. எனக்கு அது வராது."

"பொடிச்சி" என்றாள் குங்கிலி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். "நீ எதையும் மாற்றிப் பிடிக்கவில்லை. நான் சொன்னதே தப்பு."

பொடிச்சி புரியாமல் பார்த்தாள்.

"எனக்குத் தடம் படிக்கத் தெரியாது. தெரியும் என்று பொய் சொன்னேன். நீ வந்து கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது தப்பு என்று மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைத் தேடி வந்தேன். பாறைக்குப் பின்னால் நீ தனியாக இருந்தாய். சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று போய்விட்டேன்."

பொடிச்சி திட்டுவாள், அழுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று குங்கிலி காத்திருந்தாள்.

"அப்படியானால், நீ சொல்லிக் கொடுத்தபடி நான் சரியாகத்தான் படித்தேனா?" என்று கேட்டாள் பொடிச்சி.

"சரியாகப் படித்தாய். ஒரு தடம் விடாமல் பார்த்துச் சரியாகப் படித்தாய்."

பொடிச்சியின் கண்களில் நீர் பெருகியது. அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் மக்கு என்று நினைத்துக்கொண்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

குங்கிலி அங்கிருந்து நேராக நாவல் மரத்தடிக்குப் போனாள். பெரியவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போக வந்திருந்தார்கள். அவள் வழக்கமான கிளையில் உட்காரவில்லை. மரத்திலிருந்து இறங்கி, வட்டத்தின் நடுவே மண்ணில் வந்து நின்றாள். வால் புழுதியில் கிடந்தது. முதல் முறையாக எல்லோரும் அவளைக் குனிந்து பார்த்தார்கள்.

"பொடிச்சிக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது கூரன் இல்லை. நான்" என்றாள். பிறகு நடந்தது முழுவதையும் சொன்னாள். கிளையில் உட்கார்ந்து பாதி கேட்டதையும், வாலில் சேறு ஒட்டும் என்று இறங்காததையும், ஒரு நாள் தள்ளிப் போட்டதையும், கூரன் பழியை ஏற்றுக்கொண்டபோது வாயை மூடிக்கொண்டிருந்ததையும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லச் சுமை குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை.

தழையோடு அந்த வழியாக வந்த பொடிச்சியின் அம்மா வாயிலிருந்ததைக் கீழே போட்டாள். குங்கிலியை ஒரு முறை பார்த்தாள். அங்கிருந்து போய்விட்டாள்.

"இதற்காகத்தான் சொன்னேன். பிள்ளைகளை நம்பிப் பிள்ளைகளை விடக்கூடாது. தெரிந்தவர்கள் நாங்கள் இருக்கிறோம்" என்றார் காட்டுப்பன்றி.

கரடியத்தை எழுந்தாள். "வாருங்கள்" என்று அவரை மடுவின் கரைக்கு அழைத்துப் போனாள். எல்லோரும் பின்னால் போனார்கள். அவள் சேற்றில் ஒரு தடத்தைக் காட்டினாள்.

"உங்கள் குட்டிகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். இது யாருடையது, அண்ணே?"

காட்டுப்பன்றி குனிந்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "நரியாக இருக்கும்" என்றார்.

"அது கீரி அப்பா" என்றது அவருடைய கடைக்குட்டி. "இதோ பாருங்கள், ஐந்து விரல். நரிக்கு நான்குதான் பதியும். கூரன் அண்ணன் சொல்லிக் கொடுத்தான்."

காட்டுப்பன்றி மறுபடி குனிந்து விரல்களை எண்ணினார். அவர் காதுகள் தொங்கிப்போயின. "எனக்குத் தெரியவில்லை" என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எனக்கும் தெரியாது. குங்கிலி வட்டத்தில் எழுந்து தெரியும் என்றபோது, எங்கே, ஒன்றைக் காட்டு பார்ப்போம் என்று நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கு நானும்தான் வெட்கப்பட வேண்டும்" என்றாள் கரடியத்தை.

பள்ளிக்கூடத்தை மூடவில்லை. சட்டத்தில் ஒன்று சேர்ந்தது. "தெரியும்" என்று எழுந்தவர் அதை எல்லோருக்கும் முன்னால் செய்து காட்ட வேண்டும். முழுதாகத் தெரியாதவர், "பாதி தெரியும்" என்று சொல்லலாம். அதற்கு யாரும் சிரிக்கக்கூடாது.

கூரனைக் கூட்டிவரக் குங்கிலியே போனாள். அவன் தன் வளையின் வாயிலில் உட்கார்ந்து வேர் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தான். "என்னை மன்னித்துவிடு" என்றாள். வேரைத் தின்று முடித்தான்.

"நான் மேலே பார்த்தபோது நீ ஏதாவது சொல்வாய் என்று நினைத்தேன்" என்றான். பிறகு எழுந்து அவளோடு நடந்தான்.

அதன் பிறகு குங்கிலியிடம் பாடம் கேட்க வெகுநாள் யாரும் வரவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்த பழங்களையும் காற்றையும் பற்றிக்கூட யாரும் கேட்கவில்லை. பொடிச்சியின் அம்மா எதிரே வந்தால் பாதை மாறிப் போவாள். பொடிச்சி நொண்டியபடி பள்ளிக்கூடத்துக்கு வரத் தொடங்கினாள். குங்கிலியைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பாள். முன்போல் அண்ணாந்து பார்க்க மாட்டாள்.

குங்கிலி தினமும் காலையில் மடுவின் சேற்றில் இறங்கிக் கூரனிடம் பாடம் கேட்டாள். அவளோடு சேர்ந்து படித்தவர்கள் எல்லோரும் அவளைவிடச் சின்னவர்கள். மரநாயைக் கீரி என்பாள், கீரியை நரி என்பாள். குட்டிகள் திருத்துவார்கள். வால் முழுவதும் சேறு காய்ந்து அடையாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் கூரன் புதிதாகப் பதிந்த ஒரு வரிசைத் தடத்தைக் காட்டினான்.

"இது யாருடையது? அவசரப்படாதே. நன்றாகப் பார்."

குங்கிலி குனிந்தாள். விரல் நுனி அளவே இருந்த குளம்புத் தடங்கள். மூன்று ஆழமாகப் பதிந்திருந்தன. நான்காவது பதிந்தும் பதியாமலும், பின்னால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. அடுத்த எட்டிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும் அப்படியே. பக்கத்தில் அதே போல, சற்றுப் பெரிய குளம்புத் தடங்கள்.

"தெரியவில்லையா?" என்றான் கூரன்.

"தெரிகிறது."

"அப்படியானால் சொல்."

"பொடிச்சி" என்றாள் குங்கிலி. "இன்று காலையில் வந்திருக்கிறாள். அம்மாவும் கூட வந்திருக்கிறாள். பின்னங்காலை இன்னும் ஊன்ற முடியவில்லை."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கூரன் அடுத்த தடத்துக்கு நகர்ந்தான். குட்டிகளும் அவனோடு நகர்ந்தார்கள். குங்கிலி மட்டும் அங்கேயே குனிந்து நின்றாள்.

நீதி: தெரியாததைத் தெரியும் என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்பியவரே முதலில் அடிபடுவார்.